முகடு தொடாத சுவர்

அத்தியாயம் 19

திருகோணமலைக்குப் போகிறவர்கள் கடலைப் பார்த்து ஹோட்டல் பிடிப்பார்கள். றிஃப்னா சுவரைப் பார்த்துப் பிடித்தாள்.

வெள்ளைக்காரர் காலத்தில் கப்பல் சாமான்கள் அடுக்கிவைத்த பழைய பண்டகசாலையாம் அது. துறைமுகத்தின் கரையோடு ஒட்டி நிற்கிறது. யாரோ கெட்டிக்காரர்கள் அதற்கு வெள்ளையடித்து, கட்டில் போட்டு, ஹோட்டலாக்கிவிட்டார்கள். போன வாரம் திங்கட்கிழமை போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு படத்தில் ஒரு பெண்பிள்ளை ஜன்னலுக்குள் ஏறி, காலை நீட்டி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். சுவரின் தடிப்புக்குள்ளேயே ஓர் ஆள் கால் நீட்டலாமென்றால் அது எப்பேர்ப்பட்ட சுவர்! றிஃப்னா அதற்குமேல் வேறு படம் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து இரண்டு இரவுக்கு, இரண்டு பேருக்கு ஓர் அறை என்று பதிந்துவிட்டாள்.

நீராவிப்பிட்டியில் அவளுடைய வாப்பா ஜமால்தீனின் வீட்டுக்கு ஒரு தடவை வந்துபோனவர்களுக்கு இந்தச் சுவர் ஆசை விளங்கும். புத்தளத்து அகதி வாழ்க்கை முடிந்து முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்தபோது வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு அது. ஒரு ஹோல், இரண்டு அறைகள், ஒரு குசினி. அறைச் சுவர்கள் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய், போதும் என்று நின்றுவிட்டன. அதற்கு மேலே தகரக் கூரைவரை வெறும் காற்றுத்தான். ஓர் அறையில் தும்மினால், அல்லாஹ் அருளட்டும் என்று மற்ற அறையிலிருந்து துஆ வரும்.

"பெருநாள் முடியட்டும், சீலிங் அடிச்சுப்போடுவம்" என்று ஜமால்தீன் பதின்மூன்று வருடமாகச் சொல்லிவருகிறார். பெருநாள்களும் முடிந்துகொண்டுதான் இருக்கின்றன.

இந்த வீட்டுக்குத்தான் நாஸிம் எட்டு மாதங்களுக்கு முன் வவுனியாவிலிருந்து மாப்பிள்ளையாக வந்தான். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது அவர்கள் வழக்கம். வந்தது டிசம்பர் மாதம். தகரத்தில் மாரி மழை கொட்டோ கொட்டென்று கொட்டிய அந்த நாட்களில் புருஷனும் பெண்சாதியும் வாய் ஓயாமல் கதைத்தார்கள். சின்ன வயதில் விழுந்த கிணறு, படித்த பள்ளிக்கூடம், பிடிக்காத கறி என்று எல்லாக் கதையும் அந்த மழைக்குள்தான் நடந்தது. மழை விட்டது, கதையும் விட்டது. இப்போது ஓகஸ்ட். முற்றத்து மண் வெடித்துக் கிடக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் போனில் எழுதி அனுப்பிக்கொள்கிறார்கள்.

அப்படி எழுதிக் கேட்க முடியாத ஒரு கதையும் இருந்தது.

ஜமால்தீன் கேட்டதால் அவருடைய மச்சான் ஒருவர் கத்தாரில் நாஸிமுக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறார். ஏசி திருத்தும் வேலை. முதலில் இரண்டு வருடம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். "போயிட்டு வந்தா மேல்வீடு கட்டலாம் மாப்பிள்ளை, கொங்கிறீற் தட்டுப் போட்டு, நீங்கள் ரெண்டு பேரும் தனிய இருக்கலாம்" என்பார் ஜமால்தீன். "ஓம் மாமா" என்பான் நாஸிம். இரண்டு பேரும் ஒரு வீட்டில் தனியாக இருப்பதற்காக ஒருவர் கத்தாரில் தனியாக இருக்கவேண்டும் என்ற கணக்கு றிஃப்னாவுக்குப் பிடிபடவில்லை.

போனில் ஒருநாள் கேட்டுப் பார்த்தாள். "உங்களுக்குப் போக விருப்பமோ?" பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அந்த விரல் விருப்பம் என்கிறதா, கேள்வி கிடைத்தது என்கிறதா என்று அவள் விடியும்வரை யோசித்தாள்.

போகாதேங்கோ என்று அவன் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லவேண்டும். அதற்கு அவன் வாயால் ஒரு பதில் வரவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். வாப்பா ஆசையாய் ஒழுங்குசெய்த வேலையை வாப்பாவின் கூரைக்குக் கீழே வைத்து வேண்டாமென்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அதனால்தான் திருகோணமலை. போன ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் கத்திக் கத்திச் சொன்னாள். "சரி, போவம்" என்று அவனும் கத்தினான்.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. வியாழக்கிழமை இரவு சொல்லலாம் என்பது அவள் திட்டம். முன்கூட்டிச் சொன்னால் வாப்பா வான் பிடித்துவிடுவார். அந்தக் குடும்பத்தில் ஓர் ஆள் பல்லுப் பிடுங்க வவுனியாவுக்குப் போவதென்றாலும் வானில் ஒன்பது பேர் போவார்கள்.

அந்த வியாழக்கிழமை காலமை ஏழரை மணிக்கு ஹோட்டலிலிருந்து போன் வந்தது. முன்பள்ளிக்கு விடுமுறை என்பதால் ஆசிரியை றிஃப்னா வீட்டில்தான் நின்றாள். போனைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள்.

"மிஸ், நாளைக்கு ரெண்டு மணிக்குப் பிறகு எப்ப வந்தாலும் ரூம் ரெடி. மேல்மாடி. ஹார்பர் முழுக்கத் தெரியும். ராவில கப்பல் லைற் எல்லாம் வடிவா இருக்கும்" என்றாள் ஒரு பெண்பிள்ளை.

"பக்கத்து அறையில கதைக்கிறது கேக்குமோ?"

"சத்தம் போடுற ஆக்கள் இப்ப ஒருத்தரும் இல்ல மிஸ்."

"அதில்லை. நாங்கள் கதைக்கிறது அவையளுக்குக் கேக்குமோ?"

மறுமுனையில் சிரிப்பை விழுங்குகிற சத்தம் கேட்டது. "கேக்கவே கேக்காது மிஸ். அது நேவிக்காரன் கட்டின சுவர்."

அந்தப் பிள்ளை என்ன நினைத்துக்கொண்டு சிரித்தாள் என்பது விளங்கியபோது றிஃப்னாவுக்குக் காது சுட்டது. நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

ஹோலில் ஜமால்தீன் கதிரையில் உட்கார்ந்து ரொட்டியைச் சம்பலில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். புதுக்குடியிருப்பில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். எட்டரைக்குத்தான் கிளம்புவார். நாஸிம் ஆறு மணிக்கே கடற்கரை ஐஸ் கொம்பனிக்குப் போய்விட்டான். அங்கே இயந்திரங்கள் எல்லாம் அவன் பொறுப்பு.

"மகள், வானுக்குச் சொல்லிட்டன்" என்றார் ஜமால்தீன்.

"என்னத்துக்கு வாப்பா வான்?"

"திருகோணமலைக்குத்தான். நாளைக்கு ஜும்ஆ முடிய வெளிக்கிட்டா பொழுதுபட்டு மஃரிபு தொழ முன்னம் போய்ச் சேந்திடலாம்."

றிஃப்னா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அது அந்த அரைச் சுவர்தான்.

"துறைமுகத்துக்குப் பக்கத்தில எல்லே ஹோட்டல்! எனக்கு அறுபது வயசாகப் போகுது, ஒருநாளும் ஹோட்டல்ல படுத்ததில்லை. கோட்டைக்குள்ள மான் நிக்குமாம். உம்மாவுக்குக் காட்டவேணும்." அவர் முகம் பெருநாள் முகமாக இருந்தது. "பின்னேரம் கடலைப் பாத்துக் கதிரையைப் போட்டிட்டு, மாப்பிள்ளையோட ஆறுதலாக் கத்தார்க் கதையையும் கதைச்சு முடிச்சிடலாம். வீட்டில எங்க நேரம் கிடைக்குது?"

"ஆர் வாப்பா உங்களுக்குச் சொன்னது?"

ஜமால்தீன் ரொட்டித் துண்டால் கூரையைக் காட்டிச் சிரித்தார். "இந்த வீட்டில எனக்குக் கேக்காம என்ன நடக்கும்?"

அவளுக்கு உம்மாமேல் சந்தேகம் விழுந்தது. நேற்று உம்மா தன் தங்கச்சி கிண்ணியாச் சாச்சியோடு கதைக்க அவளுடைய போனைத்தான் வாங்கினாள். ஹோட்டல்காரர் அனுப்பிய தகவல் மேலேயே கிடந்திருக்கும். கோபத்தோடு குசினிக்குள் போனாள்.

உம்மா சரீபா துருவிய தேங்காய்ப்பூவுக்குள் செத்தல் மிளகாயைப் போட்டுக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தைக் கண்டதும் கிறைண்டரின் மூடியை அழுத்தி, சுவிச்சைப் போட்டுவிட்டாள். அந்த வீட்டில் பெண்கள் ரகசியம் பேசுகிற வழி இதுதான். ரகசியம் கூடின நாட்களில் சம்பல் மாப்போல அரைபட்டு வரும். சாப்பிடும்போது ஜமால்தீன் காரணம் கேட்டதில்லை.

"வாப்பாட்டச் சொன்னது நீங்கள்தானே?" என்றாள் றிஃப்னா, கிறைண்டர் இரைச்சலுக்குள்.

"அல்லாஹ் அறிய நான் சொல்லேல்லை. ராத்திரி கிணத்தடியில வைச்சு அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். சின்னஞ்சிறுசுகள் போகட்டும், நாங்கள் என்னத்துக்கு எண்டுதான் நான் கேட்டனான்."

"அப்ப ஆர்?"

"அது கிடக்கட்டும். மாப்பிள்ளை கத்தாருக்குப் போறது உனக்கு விருப்பமில்லை. அதுதானே?"

றிஃப்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய்க் காற்று என்று சொல்லித் தப்பலாம். அவள் அப்படிச் சொல்லவில்லை.

"விருப்பமில்லை உம்மா. எட்டு மாசத்தில நான் அவரோட வடிவாக் கதைச்சது ரெண்டு மாசம். இனி ரெண்டு வரியம் போனிலதான் கதைக்கிறதெண்டா என்னத்துக்கு இந்தக் கலியாணம்?"

சரீபா கிறைண்டரை நிறுத்தி, "உப்புக் காணாது!" என்று ஹோலுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டு, மறுபடியும் போட்டாள்.

"அவரிட்டச் சொன்னியோ?"

"எங்க வைச்சுச் சொல்ல? அதுக்குத்தானே அந்த அறை. இப்ப அங்கயும் வாப்பா கதிரையைப் போட்டிட்டு இருக்கப்போறார்."

சரீபா கிறைண்டரை நிறுத்தினாள். கையைத் துடைத்து, மகளின் போனை வாங்கிக்கொண்டு ஹோலுக்கு வந்தாள். ஜமால்தீனுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, தங்கச்சிக்கு அழைப்பெடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தாள். திருகோணமலைக்குப் பக்கத்துக் கிண்ணியாக்காரரைக் கட்டி அங்கேயே இருப்பவள் அந்தத் தங்கச்சி.

"நாளைக்கு நானும் இவரும் அங்க வாறம். ரெண்டு ராவும் உன்னோடதான்" என்றாள் சரீபா.

மறுமுனையில் கிளம்பிய சந்தோஷக் கூச்சலில் மேசை அதிர்ந்தது. "மச்சானும் வாறாரா ராத்தா? எத்தின வரியம்! நான் இப்பவே இறாலுக்குச் சொல்றன். மச்சானுக்கு மேல் அறையத் துப்புரவாக்கிறன்!"

சரீபா போனை வைத்தாள். ஜமால்தீன் வாயில் போட்ட ரொட்டியை மெல்ல மறந்திருந்தார்.

"என்ன வேலை பாத்தனீ?"

"கூப்பிடு தூரத்தில தங்கச்சி வீடு. அதை விட்டிட்டுப் பெரிய மனுசர் நாங்கள் ஹோட்டல்ல படுத்தா, அவள் செத்த வீட்டுக்கும் வரமாட்டாள். பிள்ளையள் ஹோட்டலுக்குப் போகட்டும். எங்களைக் கிண்ணியாவில இறக்கிவிட்டாச் சரி."

அதற்கு மறுபேச்சு இல்லை என்பது ஜமால்தீனுக்குத் தெரியும். சொந்தக்காரர் வீட்டில் இறாலுக்குச் சொன்னபிறகு ஹோட்டலில் போய்ப் படுத்தால், அந்தப் பகை பேரப்பிள்ளைகள் காலத்திலும் தீராது. அவர் முகம் வாடிப்போனது. றிஃப்னாவுக்கே பாவமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஹோட்டல் கட்டிலை நினைத்து நேற்று ராத்திரி நித்திரை கொண்ட மனிதர்.

"எனக்கு ஒண்டுமில்லை" என்றார் அவர். "மாப்பிள்ளைதான் மனவருத்தப்படுவார். எவ்வளவு ஆசையாக் கூப்பிட்டவர்!"

"ஆர் கூப்பிட்டது?" என்று கேட்டாள் றிஃப்னா.

"நாஸிம்தான்! செவ்வாய்க்கிழமை புதுக்குடியிருப்புக்குக் கடை தேடி வந்தவர். ஹோட்டல் படமெல்லாம் காட்டினவர். 'மாமா, நீங்களும் மாமியும் வராட்டி எனக்குச் சரிவராது' எண்டு ஒரே பிடி. இண்டைக்கு மத்தியானம் போன் பண்ணி ரெண்டாவது அறையையும் எடுக்கிறன் எண்டவர். உனக்கு இப்ப சொல்லவேண்டாம் எண்டும் சொன்னவர். நான்தான் வாயை வைச்சுக்கொண்டு இருக்கேலாமச் சொல்லிப்போட்டன்." சொல்லும்போதே அவர் முகம் மறுபடியும் மலர்ந்தது. "இந்தக் காலத்தில எந்த மாப்பிள்ளை மாமன் மாமியைக் கூட்டிக்கொண்டு போவான், சொல்லு பாப்பம்?"

சரீபா மகளைப் பார்த்தாள். றிஃப்னா அபாயாவை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பத் திறப்பைத் தேடினாள்.

கடற்கரைவரை எட்டுக் கிலோமீற்றர். வழியெல்லாம் அவள் ஒன்றையே திருப்பித் திருப்பி யோசித்தாள். வான் நிறைய ஆட்களை ஏற்றியது வாப்பா இல்லை, உம்மா இல்லை. அவளோடு தனியாக இருக்கவேண்டியவனே ஏற்றியிருக்கிறான். பிடிக்காமல் போய்விட்டதோ? அப்படியென்றால் மழை நாட்களில் கதைத்ததெல்லாம் என்ன? கோபமா, பயமா என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

ஐஸ் கொம்பனி வாசலில் வள்ளக்காரர் வரிசையில் நின்றார்கள். கடல் நல்ல கடல், மீன் நல்ல மீன், எல்லாருக்கும் ஐஸ் அவசரம். உள்ளே இயந்திரங்கள் போடுகிற சத்தத்தில் ஓர் ஆள் பக்கத்து ஆளைக் கூப்பிடுவதென்றால் தோளைத்தான் தட்டவேண்டும். நாஸிம் ஏதோ ஒரு குழாயைத் திருகிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கையிலிருந்த ஸ்பேனர் நழுவப் பார்த்தது.

"வீட்டில ஆருக்கும் சுகமில்லையோ?" என்று கத்தினான்.

"எல்லாரும் சுகம்! உங்களோட கதைக்கவேணும்!"

"என்ன?"

"கதைக்கவேணும்!"

வரிசையில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நாஸிம் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு பின்பக்கம் இருந்த குளிர் அறையின் கதவை இழுத்துத் திறந்து, அவளை உள்ளே வரச்சொல்லி, கதவைச் சாத்தினான்.

சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. ஓர் அடித் தடிப்புக் கதவு. நாலு பக்கமும் பாரையும் சூரையும் பெட்டி பெட்டியாக ஏற்றுமதிக்குக் காத்திருந்தன. கல்யாணம் முடிந்து எட்டு மாதத்தில் அவர்கள் இரண்டு பேரும் கூரைவரை சுவர் உள்ள ஓர் இடத்தில் தனியாக நிற்பது இதுதான் முதல் தடவை. நாஸிம் தன் தடித்த ஜக்கெற்றைக் கழற்றி அவள் தோளில் போட்டான்.

"என்னத்துக்கு வாப்பாவைக் கூப்பிட்டனீங்கள்?" என்று கேட்டாள் றிஃப்னா.

அவன் மீன் பெட்டியைப் பார்த்தான்.

"சொல்லுங்கோ. என்னோட ரெண்டு நாள் தனிய இருக்க உங்களுக்கு அவ்வளவு கஷ்டமோ?"

"கஷ்டமில்லை. பயம்."

"என்ன பயம்?"

"தனிய இருந்தா நீ கேப்பாய், போகாதேங்கோ எண்டு." அவன் வாயிலிருந்து புகை புகையாகக் குளிர் வந்தது. "நீ கேட்டா நான் நிண்டிடுவன், றிஃப்னா. எனக்கு என்னைத் தெரியும். மாமா பக்கத்தில இருந்தா நீ கேக்க மாட்டாய் எண்டுதான்…"

"அப்ப உங்களுக்குப் போகத்தான் விருப்பம்."

"எட்டு மாசமா உங்கட வீட்டில நான் ஒருநாளாவது வடிவாத் தும்மியிருக்கிறனோ? தும்மல் வந்தாத் தலகாணிக்குள்ள முகத்தை வைக்கிறன். மாமி எனக்கு முதல் சோறு போடுறா, பெரிய மீன் போடுறா, எதிரில வந்து ஒரு வார்த்தை கதைக்க மாட்டா. மாமா தங்கமான மனிசன். எல்லாத்துக்கும் 'ஓம் மாமா' எண்டு சொல்லிச் சொல்லி எனக்கு வேற சொல்லு மறந்துபோச்சு. எனக்கெண்டு ஒரு வீடு வேணும். இந்த ஐஸ் கொம்பனியில நிண்டு அது நடக்காது."

அவன் இவ்வளவு நீளமாகக் கதைத்து அவள் கேட்டது ஜனவரிக்குப் பிறகு இன்றுதான். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. தலையணைக்குள் அமுங்குகிற அந்தத் தும்மலை அவளும்தான் பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறாள்.

ஆனாலும் மனம் ஆறவில்லை. ஒரு சொல் கேட்டுவிடுவாள் என்று பயந்து, அவளுக்குத் தெரியாமல் கடை தேடிப் போய், மாமனை நடுவில் கொண்டுவந்து வைத்திருக்கிறான். அவளுடைய ஒரே ஒரு ஆசைக்குக் காவல் போட்டிருக்கிறான். அது சுட்டது. அந்தக் குளிருக்குள்ளும் சுட்டது.

"வாப்பாவும் உம்மாவும் கிண்ணியாவில சாச்சி வீட்டில நிப்பினம்" என்றாள். "உம்மா சொல்லியாச்சு, இனி மாறாது. ரெண்டாவது அறை எடுக்கவேண்டாம்."

நாஸிம் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் பயத்தைப் பார்க்கத்தான் சொன்னாள். பார்த்தபிறகு அது இன்னும் நோகச் செய்தது.

"பயப்பிடாம வாங்கோ" என்றாள். "நான் கேக்க மாட்டன். ரெண்டு நாளும் ஒரு சொல்லும் கேக்க மாட்டன். அல்லாஹ் அறியக் கேக்க மாட்டன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் விரும்பின பதிலைச் சொல்லுங்கோ."

"றிஃப்னா…"

அவள் ஜக்கெற்றைக் கழற்றிப் பாரைப் பெட்டிமேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். சத்தமும் வெயிலும் ஒன்றாக முகத்தில் அறைந்தன. வள்ளக்காரர்கள் வழி விட்டார்கள்.

பாதி வழியில்தான் அவளுக்கு விளங்கியது. ஸ்கூட்டியை ஒரு வேப்ப மரத்துக்குக் கீழே நிறுத்திவிட்டாள். கேட்டால் நிற்பேன் என்று அவன் சொல்லிவிட்டான். இத்தனை நாள் அவள் தவித்தது அந்த ஒரு பதிலுக்குத்தான். அதை அவன் கையில் வைத்து நீட்டியபோது, கேட்க மாட்டேன் என்று அல்லாஹ்வை வேறு சாட்சிக்கு இழுத்துவிட்டு வந்திருக்கிறாள். திரும்பிப் போகலாமா என்று ஒரு தடவை யோசித்தாள். அந்த வள்ளக்காரர் வரிசைக்கு நடுவால் மறுபடியும் போய் நிற்க அவளை ரோசம் விடவில்லை. அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

ஜமால்தீன் கடைக்குப் போய்விட்டார். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. கிறைண்டர் தேவைப்படவில்லை. சரீபா அறையில் பயணப் பையைத் திறந்துவைத்து, புருஷனின் வெள்ளைச் சேர்ட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?" என்று கேட்டாள்.

"போகவேணுமாம். ஆனா நான் கேட்டா நிப்பாராம். அதுக்குப் பயந்துதான் உங்களைக் கூப்பிட்டவராம்."

"பிறகென்ன, கேட்டிட்டியோ?"

"இல்லை. கேக்கவே மாட்டன் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டு வந்திட்டன்."

சரீபா மடித்த சேர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். றிஃப்னா திட்டு விழும் என்று காத்துக்கொண்டு நின்றாள்.

"உன்ர வாப்பா சவூதிக்குப் போகேக்க நீ என்ர வயித்தில" என்றாள் சரீபா. "புத்தளத்தில ஓலைக் கொட்டில். போகாதேங்கோ எண்டு கேக்க எனக்கு ரோசம். அவராத் தெரிஞ்சு நிக்கட்டும் எண்டு விட்டிட்டன். ரெண்டு வரியம் எண்டு போனவர் ஆறு வரியம் கழிச்சு வந்தார். வந்து முதல் நாள் சோத்தைப் பிசைஞ்சுகொண்டு சொல்லுறார், 'நீ ஒரு சொல்லுக் கேட்டிருந்தா நான் போயிருக்க மாட்டன் சரீபா' எண்டு. பக்கத்தில நீ நிண்டு, ஆர் உம்மா இந்த மாமா எண்டு கேக்கிறாய்."

றிஃப்னா இதுவரை கேட்டிராத கதை அது. வீடு முழுக்க எல்லாம் கேட்கிற அந்தச் சுவர்களுக்குள் இது மட்டும் எப்படியோ கேட்காமல் இருந்திருக்கிறது.

"சத்தியம் பண்ணினது பண்ணினதுதானே உம்மா" என்றாள்.

"சத்தியத்தை முறிச்சா அல்லாஹ்விட்ட மன்னிப்புக் கேக்கலாம், மூண்டு நாள் நோன்பு பிடிக்கலாம். போன ஆறு வரியத்துக்கு என்னத்தைப் பிடிக்கிறது?" சரீபா சேர்ட்டைப் பைக்குள் வைத்து அமுக்கினாள். "நாளைக்கு வெளிக்கிடேக்க உடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதை. வாயையும் எடுத்துக்கொண்டு போ."